கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ரதம்

பேதுருவின் முதல் நிருபம் ஒரு முகவரியோடு தொடங்குகிறது. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா: இன்றைய துருக்கி நாட்டுக்குள் அடங்கும் ஐந்து நிலப்பகுதிகள். அங்கே சிதறிக் கிடந்தவர்களைப் பரதேசிகள் என்றே கடிதம் அழைக்கிறது. சொந்த மண் இல்லாதவர்கள்; அல்லது பிறந்த மண்ணிலேயே அந்நியராகிப் போனவர்கள். அவர்களை வாழ்த்திய கையோடு பேதுரு பேச எடுத்துக்கொள்ளும் முதல் பொருள் சொத்து. பரலோகத்தில் உங்கள் பெயருக்கு ஒரு சுதந்தரம், ஒரு வாரிசுரிமை, வைக்கப்பட்டிருக்கிறது என்கிறார். காலடி மண்கூடத் தனக்கென்று இல்லாதவனைப் பார்த்து ‘நீ வாரிசு’ என்று சொல்லிக் கடிதத்தைத் தொடங்க ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த சில வசனங்களிலேயே அவர் காட்டிவிடுகிறார்.

இந்த அதிகாரத்தை எங்கே இருந்தும் வாசிக்கலாம். ஆனால் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் வைத்து வாசிக்கும்போது அதன் நுட்பங்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. இந்த வட்டாரத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பேர் பயர் ஆபீஸ். வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்கும் வேலை முடிந்துவிட வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு பக்கமும் வாசல் இருக்க வேண்டும், ஓடுவதற்கு. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று கணக்கு உண்டு. நெருப்பு வராமல் பார்த்துக்கொள்வதற்காகவே ஒரு தொழிலின் கட்டடம், நேரம், உடை, நடை அத்தனையும் அமைந்திருக்கிறது. அப்படியும் நெருப்பு வருகிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை இந்த ஊர்க்காரர்களிடம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு கிறிஸ்தவ வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேதுருவின் இந்த முதல் அதிகாரம் வாசிக்கப்படும்போது, கேட்பவர்கள் நெருப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அல்லர்; அதோடு புழங்குகிறவர்கள். கடிதத்தை எழுதியவரும் அப்படித்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொத்தைப் பார்க்கலாம்.

அந்தச் சுதந்தரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வந்த பேதுரு அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடவில்லை. பொன் தெருவையும் முத்து வாசலையும் பேசும் வேலையை வெளிப்படுத்தின விசேஷத்துக்கு விட்டுவிட்டார். எவை எவை அதைத் தொட முடியாது என்று மட்டும் மூன்று சொல்லில் சொல்கிறார்: அழிவு தொடாது, மாசு தொடாது, வாட்டம் தொடாது. மூலமான கிரேக்கத்தில் இந்த மூன்று சொற்களும் ஒரே உயிரெழுத்தில் தொடங்கி, ஏறத்தாழ ஒரே ஓசையில் முடிகின்றன. நம் இலக்கணம் அதற்கு மோனை என்றும் இயைபு என்றும் பேர் வைக்கும். வலைவீசிப் பிழைத்த ஒருவரின் பேரில் நிற்கும் கடிதத்தில் இந்தச் செவி நுட்பம் இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். கூடவே இருந்து எழுதிக் கொடுத்த சில்வானின் கை அதில் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஓசையை விடுங்கள். மூன்று சொல்லும் மூன்று வெவ்வேறு இழப்புகளைக் குறிவைத்து நிற்பதைப் பாருங்கள். பேதுருவின் முன்னோர் சுதந்தரம் என்று சொன்னால் அது கானான் நாடு. பாலும் தேனும் ஓடும் என்று வாக்குப்பண்ணப்பட்ட நிலம். அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது? படையெடுப்பில் அழிந்தது. உள்ளே இருந்தவர்களின் அக்கிரமத்தால் தீட்டுப்பட்டது. மழை பொய்த்தபோது வாடியது. மூன்றும் நடந்த வரலாறு. மூன்றையும் பார்த்துக் களைத்த ஒரு மக்களினத்தின் நினைவிலிருந்து இந்த மூன்று ‘இல்லை’களும் புறப்படுகின்றன. வானத்தைப் பற்றிப் பேசும்போதும் பேதுரு மண்ணின் காயங்களை வைத்தே பேசுகிறார்.

விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரனுக்கு மூன்றாவது சொல் நெஞ்சில் தைக்கும். மேற்கே மலை தெரியும்; மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழை இந்தப் பக்கம் வராது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் வாடி நின்ற காட்சிதான் இந்த மண்ணில் பல பேரைத் தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் அனுப்பியது. இருக்கிற நிலமும் தலைமுறைக்குத் தலைமுறை பாகப்பிரிவினையில் சிறுத்துக்கொண்டே போகும். ஐந்து ஏக்கர் அண்ணன் தம்பி மூவருக்குப் பிரிந்து, அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரிந்து, கடைசியில் பட்டாவில் சென்ட் கணக்கில் வந்து நிற்கும். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கும். பெண்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பேதுரு சொல்லும் சுதந்தரத்தை இந்தப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். வாரிசு கூடக் கூடப் பங்கு குறையாத சொத்து அது. மகளுக்கும் மகனுக்கும் அளவு ஒன்று. மூன்றாம் அதிகாரத்தில் மனைவியைப் பற்றிப் பேசும் இடத்திலும் பேதுரு மறக்காமல் அவளை உடன்வாரிசு என்று சொல்லிவிடுகிறார்.

வாட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நாலாம் வசனத்தில் ‘வாடாதது’ என்று சொன்னவர், அதிகாரத்தை முடிக்கும்போது ஏசாயாவை நினைவுகூர்ந்து, மனிதரெல்லாம் புல், அவர்கள் மகிமையெல்லாம் புல்லின் பூ, அது உலரும், இது உதிரும் என்று வந்து நிற்கிறார். தொடக்கத்தில் வாடாத சொத்து, இறுதியில் வாடும் வாரிசு. நடுவே உள்ள அதிகாரம் முழுவதும் இந்த இரண்டையும் இணைக்கும் வேலைதான். பிறகு கடிதம் முடியப்போகும் நேரத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், மேய்ப்பர்களுக்கு வாடாத கிரீடம் ஒன்றைக் காட்டுகிறார். வாட்டம் என்ற ஒரே எண்ணம் கடிதத்துக்குள் மூன்று இடத்தில் தலைகாட்டி, மூன்றாவது இடத்தில் தலையில் ஏறுகிறது.

இனி, இந்தப் பகுதியில் நான் மிகவும் அருமையென்று நினைக்கும் இடம். சுதந்தரம் பரலோகத்தில் காவலில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தால் அது பாதி ஆறுதல்தான். சொத்து பத்திரமாக இருந்து என்ன பயன், அதை வாங்கிக்கொள்ளப் போகிறவன் வழியில் போய்விட்டால்? பேதுருவுக்கு இந்தக் கேள்வி தெரியும். அதனால் மூச்சுவிடாமல் அடுத்த வசனத்தில் வாரிசுக்கும் காவல் போடுகிறார். அங்கே சொத்து காக்கப்படுகிறது. இங்கே நீங்கள் தேவனுடைய பலத்தினால், விசுவாசத்தைக்கொண்டு, காக்கப்படுகிறீர்கள். இரண்டாவது காவலுக்குக் கிரேக்கத்தில் வரும் வினை, கோட்டையைப் படை நின்று காப்பதைச் சொல்லும் வினை. வைப்புப் பெட்டகத்துக்கு ஒரு காவல், வழிப்போக்கனுக்கு ஒரு காவல். இரண்டுக்கும் காவல்காரர் ஒருவரே. கிறிஸ்தவ நம்பிக்கை ‘கிடைத்தாலும் கிடைக்கும்’ என்ற ஆசையிலிருந்து விலகி நிற்கும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இரு முனையிலும் கட்டப்பட்ட கயிறு அறுவது அரிது.

ஆனால் காக்கப்படுகிறவன் அழமாட்டான் என்று பேதுரு சொல்லவில்லை. இதுவும் நுட்பம். மகிழ்ந்து களிகூருகிறீர்கள் என்று சொன்ன அதே வாக்கியத்துக்குள், இப்போது துக்கப்படுகிறீர்கள் என்பதையும் வைத்துவிடுகிறார். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று வரிசைப்படுத்தவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. துக்கத்தைச் சொல்லும்போது இரண்டு சிறு அடைமொழிகளைச் சேர்க்கிறார். ஒன்று, கொஞ்சக் காலம். மற்றொன்று, அவசியமானால். அந்த ‘அவசியமானால்’ என்பதை எழுதியவர் வலியைப் பார்த்தவர். எல்லாத் துன்பமும் நல்லதுக்கே என்று தத்துவம் பேசுகிறவர் அதை எழுதமாட்டார்.

அந்தத் துக்கம் தரும் சோதனைகளைப் பலவிதம் என்கிறார். பல நிறம் என்றே சொல்லலாம். நாலாம் அதிகாரத்தில் தேவனுடைய கிருபையைச் சொல்லும்போதும் அதே பல நிறத்தைத்தான் கொடுக்கிறார். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு என்று நிறங்களைப் பொடியாகத் தொட்டு வாழும் ஊரில் இது உடனே புரியும். துக்கம் எத்தனை நிறத்தில் வந்தாலும் அந்த நிறத்துக்கு ஈடான கிருபை உண்டு என்பதைப் பேதுரு விளக்கிச் சொல்லவில்லை; ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் தீட்டி நம்மைப் பார்க்க வைக்கிறார்.

அதன் பிறகுதான் நெருப்பு வருகிறது. பொன் நெருப்பில் சோதிக்கப்படுகிறது. உங்கள் விசுவாசமோ பொன்னைவிட விலையேறப்பெற்றது. இது பழைய உவமை. நீதிமொழிகளிலும் உண்டு, நம் நீதிநூல்களிலும் உண்டு. பேதுரு அதில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துப் புதிதாக்குகிறார்: அழிந்துபோகிற பொன். நெருப்பைத் தாங்கி வெளியே வந்த பொன்னையே அழிவதன் கணக்கில் எழுதிவிடுகிறார். நெருப்பைத் தாங்குவதே பெரிது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, தாங்கியதும் ஒரு நாள் போகும், போகாதது வேறொன்று என்று அளவுகோலையே மாற்றி வைக்கிறார்.

பேதுரு எப்படி இப்படிப் பேசக் கற்றார்? யோவானின் சுவிசேஷம் இரண்டு நெருப்புகளைக் காட்டுகிறது. முதலாவது, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில். குளிருக்கு வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்கிறார். அந்த இரவில்தான் கேள்வி வந்து, இயேசுவின் சீஷன் நான் அல்ல என்று மூன்று முறை மறுக்கிறார். இரண்டாவது நெருப்பு, கடற்கரையில். இரவெல்லாம் வலைவீசி விடியலில் கரையேறியவர்களுக்கு முன்னால் கரிநெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். மூட்டியவர் உயிர்த்தெழுந்த இயேசு. சாப்பிட்டு முடித்த பிறகு, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மறுத்த எண்ணிக்கைக்கு ஈடாகக் கேட்ட எண்ணிக்கை. யோவான் இரண்டு இடத்திலும் கரிநெருப்பு என்று குறித்து எழுதியது தற்செயலாக இருக்க முடியாது. ஒரு நெருப்பருகே உடைந்த மனிதன் இன்னொரு நெருப்பருகே சேர்த்து ஒட்டப்பட்டான். பிற்காலத்தில் அந்த மனிதனின் பேரில் ஒரு கடிதம், நெருப்பு விசுவாசத்தைப் புடமிடும் என்று சொல்லும்போது, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

இந்த அதிகாரத்தை இங்கே வெடிவிபத்தில் ஆளை இழந்த துக்க வீட்டிலும் வாசிக்கிறார்கள். உடல் பெட்டிக்குள் மூடியே வருகிறது. திறந்து முகம் பார்க்க முடியாத நிலை. அப்படிப்பட்ட வீட்டு முற்றத்தில் அழியாதது, மாசற்றது, வாடாதது என்ற மூன்றையும் ஒருவர் வாசிக்க நேர்ந்தால் அந்தச் சொற்களின் எடை வேறு. உடலுக்கு நேர்ந்ததை மறைக்காமல், அந்த உடலுக்கு எதிரே நின்று சொல்லப்படும் மூன்று மறுப்புகள் அவை. கிறிஸ்தவ நம்பிக்கை ஆத்துமா எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்பதோடு நிற்பதில்லை. சரீரம் உயிர்த்தெழும் என்று சொல்கிறது. பழைய கிறிஸ்தவ வழக்கத்தில் கால் கிழக்குப் பக்கம் இருக்கும்படி பிரேதத்தைக் கிடத்துவதும் அதனால்தான். எழுந்து நின்றால் முகம் விடியலைப் பார்க்க வேண்டும். அடக்கம் செய்யும் குழியில்கூட எழுந்து நிற்கும் திசையைத் தீர்மானித்துவிட்டார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பரலோகத்துச் சுதந்தரத்தைக் காட்டி இந்த உலகத்துக் கூலியையும் பாதுகாப்பையும் மறக்கச் சொல்கிறவர்களுக்கு இந்த அதிகாரத்தில் இடம் கிடையாது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் அதற்குமேல் ஆட்களை நெருக்கி உட்கார வைத்துவிட்டு, விபத்து நடந்தபின் இறைச்சித்தம் என்று சொல்கிறவர், பதினேழாம் வசனத்தைத் தாண்டிப் போக முடியாது. பட்சபாதமில்லாமல் அவனவன் செய்கைக்குத்தக்கதாக நியாயந்தீர்க்கிறவரைப் பிதாவென்று கூப்பிடுகிறீர்கள், பயத்தோடே நடந்துகொள்ளுங்கள் என்ற கருத்து அங்கே இருக்கிறது. வாரிசின் தகப்பன் நீதிபதியாகவும் இருக்கிறார். நம்பிக்கை ஏழையின் வாயை அடைக்கும் துணியாக ஆக்கப்படும்போது அது பேதுருவின் நம்பிக்கை அல்ல.

பேதுருவின் அந்த நம்பிக்கையோடு செத்த ஒருவரின் பெயர் சிவகாசியோடு சேர்ந்தே இருக்கிறது. தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காவது இடம். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வாளர் பதவியும் அதற்குரிய வருமானமும் வாழ்நாளுக்குப் போதுமானவை. அதை விட்டு சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். 1854 முதல் வட திருநெல்வேலி என்று அன்று சொல்லப்பட்ட இந்தக் கரிசல் நாட்டில் கூடாரம் அடித்து, டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரு நண்பர்களோடு ஊர் ஊராக நடந்தார். தெற்கே உள்ள சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1858 அக்டோபர் 22ஆம் தேதி நுரையீரல் நோயால் சிவகாசியில் இறந்தார். வயது 43.

ராக்லண்டின் வாழ்க்கையில் நான் நின்று பார்ப்பது அவர் விட்டு வந்ததை அல்ல. கணக்குத் தெரிந்த மனிதர், பலன் வராத நாலு வருடத்தை எப்படிக் கணக்கிட்டார் என்பதை. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றி இயேசு சொன்னதை அவர் தன் வேலைக்கான திட்டமாகவே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். வெற்றிக்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை என்பது அவர் முடிவு. உவமையைத் திட்டமாக எடுத்துக்கொள்வது சாதாரணக் காரியமில்லை. அவர் நடந்த நிலப்பரப்பில் பின்னாளில் சாட்சியாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் சபைகளும் பள்ளிகளும் வளர்ந்தன. டோனாவூரிலிருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகத்தைவிடவும், பேரெதுவும் அச்சில் ஏறாமல் மாதக்கணக்கில் கூடவே நடந்துவிட்டு ஊர் திரும்பிய அந்தத் தமிழ் உபதேசியார்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதே 1858ஆம் ஆண்டில், ஏப்ரலில், சென்னையில் ஒரு ஞானஸ்நானம் நடந்தது. திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்றால் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். இரட்சணிய யாத்திரிகம் என்ற பெருங்காப்பியம் பாடியவர். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதைக்கு வழிநூல் அது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணியம் என்று ஐந்து பருவங்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. பதின்மூன்று ஆண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். மாதம் ஒரு பகுதி. பயணி நடக்கும் வேகத்திலேயே வாசகரும் நடந்திருக்கிறார்கள். முதல் பருவத்தைப் படித்தவர்களில் சிலர், பயணி நகர வாசலை அடையும் முன்னே, தாங்களே அங்கே போயிருப்பார்கள்.

பனியனின் மூலக் கதை 1678இல் வந்தது. அவர் பாத்திரம் அடைத்துப் பிழைத்த தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். அவருடைய பயணி, முதுகில் சுமையோடு ஊரைவிட்டு ஓடும்போது, பின்னால் துரத்தி வந்த அண்டைவீட்டான் கேட்கிறான்: அப்படி எதைத் தேடித்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாய்? பயணி சொல்லும் பதில் பேதுருவின் நாலாம் வசனம்தான். அழிவும் மாசும் வாட்டமும் இல்லாத சுதந்தரம். வேண்டுமானால் என் புத்தகத்தில் வாசித்துக்கொள் என்கிறான். அந்த ஐந்து நாட்டுப் பரதேசிகளுக்கு எழுதிய வரி, ஓர் ஆங்கிலக் கைத்தொழிலாளியின் கதைக்கு விதையாகி, பாளையங்கோட்டையில் விருத்தமாக முளைத்தது.

பனியனின் கதையில் நெருப்பு ஒரு சந்தையில் வருகிறது. மாயைச் சந்தை. பயணியும் அவனுடைய முதல் தோழனும் அங்கே பிடிபடுகிறார்கள். தோழன் உண்மை தவறாதவன். அதுவே அவன் பெயர். பொய்ச்சாட்சிகளை வைத்து வழக்கு நடத்தி, அடித்து, கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். இந்த இடத்தில் பனியன் ஒரு சிறு செய்தி வைக்கிறார். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ரதமும் இரண்டு குதிரைகளும் காத்து நின்றன. உயிர் போன கணத்தில் அவனை ஏற்றிக்கொண்டு எக்காள ஓசையோடு மேகத்தின் வழியாக, குறுக்கு வழியில், நகர வாசலுக்குக் கொண்டுபோய்விட்டன.

அந்த ரதம் வானத்திலிருந்து இறங்கி வந்ததாகப் பனியன் எழுதியிருக்கலாம். எலியாவின் கதை அவருக்குத் தெரியும். எழுதவில்லை. நெருப்பு எரியும்போதே அது அங்கே நின்றுகொண்டிருந்தது. எரிப்பதைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நெருப்பைப் பார்த்து நின்றார்கள். ரதத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வைக்கப்பட்டிருக்கும் சுதந்தரம் என்று பேதுரு சொன்னதைக் காட்சியாக்கினால் இதைவிட நன்றாக ஆக்க முடியாது. புதிதாக எதுவும் வரவழைக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்தது, கண்ணுக்கு அந்தப் பக்கம்.

இதற்கு அடுத்த நுட்பம் இன்னும் ஆழம். தோழனை இழந்து தனியாகப் புறப்பட்ட பயணியோடு அந்தச் சந்தையிலிருந்தே ஒருவன் வந்து சேர்ந்துகொள்கிறான். பயணியும் எரிந்தவனும் துன்பத்தில் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து மனம் மாறியவன். அவன் பெயர் நம்பிக்கை. ஒருவன் சாம்பலிலிருந்து இன்னொருவன் எழுந்தான் என்று பனியனே சொல்லிவிடுகிறார். நம்பிக்கையைக் கதைத் தொடக்கத்திலேயே துணைக்கு அனுப்பியிருக்கலாம், பயணம் எளிதாயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. நெருப்புக்கு முன்னால் அந்தப் பாத்திரம் கதையிலேயே இல்லை.

பயணத்தின் கடைசியில் ஆறு. பாலம் கிடையாது. ஆழம் எவ்வளவு என்று கேட்டால், நகரத்து அரசரை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்களோ அதற்கேற்ப ஆழமாகவோ ஆழமில்லாமலோ இருக்கும் என்று பதில் வருகிறது. இறங்கியதும் மூழ்கத் தொடங்குகிறவன் யார்? சிங்கங்களைக் கடந்து, அப்பொல்லியோனோடு வாளெடுத்துப் போரிட்ட அந்த வீரன், கதைத் தலைவன்தான். பழைய பாவங்களெல்லாம் நினைவுக்கு வந்து, கண்ணிருண்டு, கரை சேரமாட்டேன் என்று அலறுகிறான். பின்னால் வந்து சேர்ந்த நம்பிக்கையோ காலூன்றி நின்று, அடி தட்டுப்படுகிறது, தரை நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, தோழனின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்கிறான். படாதபாடு பட்டுத்தான் பிடிக்கிறான். சில நேரம் தலை உள்ளே போய்விட்டு வருகிறது. அக்கரையில் இருவருக்கும் ஒரே வரவேற்பு. மூழ்கியவனுக்கு ஒரு வாசல், நடந்தவனுக்கு ஒரு வாசல் என்று இல்லை. மரணப் படுக்கையில் பயந்துபோனவர்களின் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

பேதுருவிடம் திரும்புகிறேன். இவ்வளவையும் சொல்லி வந்தவர், தீர்க்கதரிசிகள் இதைத் தேடி ஆராய்ந்தார்கள் என்கிறார். பன்னிரண்டாம் வசனத்தின் இறுதியில், தேவதூதர்களும் இதை உற்றுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று முடிக்கிறார். குனிந்து எட்டிப் பார்க்கும் ஆசை அது. உயிர்த்தெழுந்த ஞாயிறு காலையில் கல்லறைக்கு ஓடி, குனிந்து பார்த்து, துணிகள் தனியே கிடக்கக் கண்டவர் பேதுரு என்று லூக்கா எழுதுகிறார். தான் அன்று நின்ற நிலையில் வானத்துத் தூதர்களை நிறுத்திப் பார்க்கிறார். அவர்களுக்கு இந்தச் சுதந்தரம் இல்லை. அவர்கள் பார்க்க விரும்பும் பொருள், விஸ்வநத்தத்தில் சரம் பின்னிக் கை வெளுத்து வீடு திரும்பும் ஒரு பெண்ணின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது.

அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன பிறகு அடுத்த வசனத்தில் அவர் கொடுக்கும் கட்டளை, அரையை வரிந்து கட்டுங்கள் என்பது. மனதின் அரை. வேலைக்கு இறங்குகிறவன் வேட்டியை மடித்துக் கட்டும் செயல். நம்பிக்கை உட்கார்ந்து காத்திருக்கும் நிலை என்று நினைத்தவர்களை அந்த ஒரு வசனம் எழுப்பி நிறுத்துகிறது. அந்த வேலை என்னவென்று இருபத்திரண்டாம் வசனம் சொல்கிறது: ஒருவரில் ஒருவர் ஊக்கமாய் அன்பு கூருவது. ஆற்றில் தோழனின் தலையைத் தூக்கிப் பிடித்த வேலை. துக்கம் நடந்த வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டார், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், காப்பியும் சாப்பாடும் செய்து கொண்டுவந்து, சாப்பிடமாட்டேன் என்பவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். இந்த வட்டாரத்துக்கு அந்த வசனத்தை விளக்க வேறு உரை தேவைப்படாது.